ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டவர்

வந்ததும் ஒரு ஸ்டூல் கேட்பார். தண்ணீர் கேட்க மாட்டார், என்ன பிரச்சினை என்றும் கேட்க மாட்டார். ஸ்டூலை நம் நாற்காலிக்குப் பின்னால், கொஞ்சம் வலது பக்கமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்கம்மா" என்பார். அதன்பிறகு ஒரு மணி நேரம் அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம்கூட வராது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர்களில் நான் பார்த்த மற்ற எல்லாரும் வந்த உடனே நம்மை எழுந்திருக்கச் சொல்வார்கள். நம் நாற்காலியில் உட்கார்ந்து, நம் மௌசைப் பிடித்து, நாலு தட்டு தட்டிவிட்டு, நாம்தான் கெடுத்தோம் என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்கள். நம்மை எழுப்பாமல் வேலையை ஆரம்பித்தவர் இவர் ஒருவர்தான். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். ஊருக்குள் சாரம் என்கிற பகுதியில் வீடு. பழைய மொபெட் ஒன்றில் வருவார். சட்டைப் பையில் கோடு போட்ட சின்ன நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். நாம் வேலை செய்யச் செய்ய அதில் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரி பால் கணக்குப் போடுகிறாளோ என்று நினைக்கத் தோன்றும். அவர் பார்ப்பது நம் கையை. முகத்தைப் பார்க்க மாட்டார். இதைச் சொல்லிவிடுவது நல்லது. லேபில் சாம்பிள் எடுக்கும் பெண்கள் முதல் நாளே என்னைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

லேப் என்றால் ரத்தப் பரிசோதனை லேப். கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்தது. திண்டிவனம் பஸ்ஸிலும் விழுப்புரம் பஸ்ஸிலும் வெறும் வயிற்றோடு வந்து இறங்குகிறவர்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் வாசலில் நிற்பார்கள். அவர்கள் பெயரையும் ரிசல்ட்டையும் ரெஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. ஆறு வருஷம் எழுதினேன். என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்று டாக்டரம்மாவே சொல்வார். லேப் அவருடையது. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, தான் வேலை பார்த்த ஆலை மூடியபின் கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்த புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கையெழுத்துதான் சோறு.

ஒரு நாள் டாக்டரம்மா ரெஜிஸ்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டார். "ஒரு மாசத்துல கத்துக்கோ. இல்லன்னா டைப்பிங் தெரிஞ்ச பொண்ணாப் பாத்துப் போட வேண்டியதுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

அந்தத் திரையைப் பார்க்கவே எனக்குப் பயம். பச்சைக் குன்று, நீல வானம், அதன்மேல் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து, கீழே நீளமாக ஒரு பட்டை, அதன் ஓரத்தில் ஸ்டார்ட் என்று ஒரு பட்டன். அதைத் தொட்டால் அடுக்கடுக்காக ஏதேதோ கிளம்பி வரும். மூன்றாம் நாள் மௌஸ் எங்கோ இழுபட்டு, கீழே இருந்த அந்தப் பட்டை எழுந்து போய் வலது ஓரத்தில் செங்குத்தாக நின்றுகொண்டது. கம்ப்யூட்டரையே உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். பாத்ரூமில் போய் அழுதேன். அன்றைக்குத்தான் டாக்டரம்மா யாரிடமோ விசாரித்து இவரை வரவழைத்தார்.

பட்டையைக் கீழே இறக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். மனிதர் அதைச் செய்யவில்லை. ஸ்டூல் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து, நானாக, "அண்ணா, நான் இதுல என்னென்ன செய்யணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்ல வேணாம்மா. பாத்துட்டேன்" என்றார். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஒரு சி.டி.யோடு வந்தார். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்ததாம். "கம்ப்யூட்டர் கடையிலேர்ந்து வரும்போதே ஒரு மொகத்தோட வருதில்லம்மா? அது யாரு வாங்கப் போறாங்கன்னு தெரியாம ஒருத்தன் செஞ்சு வச்ச மொகம். அதக் கழட்டிட்டு வேற மொகம் மாட்டிக்கலாம். உள்ள இருக்கற மிஷினு அதேதான்" என்றார். மதியத்துக்குள் குன்றும் போச்சு, வானமும் போச்சு. பட்டை இல்லை. ஸ்டார்ட் பட்டன் இல்லை. வெளிர் மஞ்சளில் வெறும் திரை. அதில் ஐந்து பெரிய கட்டங்கள்.

'பேரு எழுது' என்று ஒன்று. 'ரத்தம்' என்று ஒன்று. 'யூரின்' என்று ஒன்று. அச்சடிப்பதற்கு 'சீட்டு எடு'. கம்ப்யூட்டரை மூடுவதற்கு 'போதும்'. எல்லாம் தமிழில், அவரே மௌசைப் பிடித்து வரைந்த கோணல் எழுத்தில். அந்த வார்த்தைகளை எங்கிருந்து பிடித்தார் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. வேலை செய்யும்போது நான் வாய்க்குள் முணுமுணுக்கும் வார்த்தைகள் அவை. "பேரு எழுதியாச்சு, ரத்தம் போட்டாச்சு, போதும்டா சாமி" என்று எனக்கு நானே பேசிக்கொள்கிற வழக்கம். அது எனக்கே தெரியாது. அவர் பின்னாலிருந்து கேட்டிருக்கிறார்.

"ஸ்டார்ட் பட்டன் எங்கண்ணா?"

"ஒரு மணி நேரத்துல உங்க கை ஒரு தடவகூட அங்க போவலம்மா. அந்தப் பக்கம் வந்தாலே சுத்திக்கினு போவுது. பயப்படற எடத்த எதுக்கு எதுர்ல வச்சிக்கணும்? எடுத்துட்டேன்."

பத்தே நாளில் கை ஓட ஆரம்பித்தது. மாசக் கடைசியில் டாக்டரம்மா வந்து பின்னால் நின்று பார்த்தார். ஒரு பெண்ணின் பெயர், அவள் ரத்தம், அவள் சீட்டு, மூன்று தட்டில் முடிந்தது. "பரவால்லியே" என்றார். அன்று இரவு பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு போனேன். அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டிருந்தால் கூச்சத்தில் மொபெட்டை உதைத்துக்கொண்டு ஓடியிருப்பார்.

அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கதைகளும் இதே மாதிரிதான். சர்க்கரை பார்க்க வரும் சொல்தா ஒருவர் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் ரொம்ப வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு, திரும்பி வரும்போது அங்கிருந்தே ஒரு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்க்க வந்த மெக்கானிக்குகள் எல்லாரும் கீபோர்டில் எழுத்து இடம் மாறிக் கிடக்கிறது என்று முடிவு கட்டினார்கள். A இருக்க வேண்டிய இடத்தில் Q. W இருக்க வேண்டிய இடத்தில் Z. ஒருவன் கட்டைகளைப் பெயர்த்து 'சரியான' இடத்தில் மாட்டியே விட்டான். பெரியவர் எழுதிய கடிதமெல்லாம் கந்தரகோளம் ஆயிற்று.

"அப்புறம் இந்த ஆளு வந்தார். ஒரு ஸ்டூல் கேட்டார்" என்று சொல்தா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என் மகளுக்கு ஒரு கடுதாசி அடிச்சேன். முழுசும் பின்னாலேர்ந்தே பாத்தார். பாத்துட்டு, 'ஐயா, கீபோர்டு நல்லாத்தான் இருக்குது. உங்க கை அந்த ஊர்ல பழகின கை. கையத் தொல்ல பண்ண வேணாம்'னு சொல்லி, கட்டைங்களப் பழையபடி மாட்டிட்டுப் போயிட்டார். மெர்சின்னு நன்றி சொல்லத் திரும்பறேன், ஆளக் காணோம்."

இந்தக் கம்ப்யூட்டர்காரரிடம் குறையே இல்லையா என்றால், அவர் பெண்சாதி ஒருமுறை தைராய்டு டெஸ்டுக்கு வந்தார். உட்கார வைத்து, ரிசல்ட் வரும்வரை பேசிக்கொண்டிருந்தேன். "கொடுத்து வச்சவங்க அண்ணி. அண்ணன் மாதிரி ஒருத்தர் எங்க வீட்ல இருந்தா" என்று நான் பாட்டுக்கு அளந்தேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணமான புதுசுல ஒரு மாசம் நான் சமைக்கிறதையே பாத்துக்கினு இருந்தாரு. நான்கூட ஆசையிலன்னு நெனச்சேன். மாசம் முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கெழம அலமாரி, அடுப்பு, அஞ்சறப்பெட்டி, எல்லாத்தையும் எடம் மாத்திட்டாரு. கை நீட்டினா புளி, திரும்பினா உப்பு. பொய் சொல்லக் கூடாது, சௌகரியமாத்தான் இருந்துது."

"அப்புறம் என்ன அண்ணி?"

"அப்ப எனக்கு இருவத்திரெண்டு வயசு. சாம்பார், ரசம், அவ்ளோதான் தெரியும். இன்னும் அந்த அடுப்படியில நின்னா சாம்பார், ரசம்தான் வைக்க வருது. வேற எதுனா செய்யணும்னா ஒவ்வொண்ணும் எட்டாத ஒயரத்துல இருக்குது. எதையாவது நவுத்தினா, மறுநா பழைய எடத்துக்கே வந்துடும். சண்ட போட்டு என்னா ஆவப்போவுது? கொல்லப்பக்கம் ஒரு ஸ்டவ்வு வாங்கி வச்சிக்கினேன். எனக்கு ஆசையா எதுனா செய்யணும்னா அங்க போயிடுவேன்."

விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். ஆனால் அண்ணி முதலில் நிறுத்திக்கொண்டதை நான் கவனித்தேன்.

ஒரு சனிக்கிழமை, லேப் புரோகிராமை விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பையன் புது வடிவம் ஏற்ற வந்தான். நான் அன்று லீவு. என் திரையைப் பார்த்து மிரண்டுபோயிருக்கிறான். "வைரஸ் மேடம், ஸ்டார்ட் பட்டனையே தின்னுட்டுக்குது" என்று டாக்டரம்மாவிடம் சொல்லி, ரிசல்ட்டுகளை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை மொத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிட்டுப் போய்விட்டான். திங்கட்கிழமை காலை திறந்தால் பச்சைக் குன்று நிற்கிறது. வாசலில் நாற்பது பேர், தண்ணீர்கூடக் குடிக்காமல். ஒரு கர்ப்பிணிப் பெண், "சீக்கிரம் போடுங்கக்கா, தல சுத்துது" என்கிறாள். பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்துக் கையால் எழுதினேன். மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள்! வெட்கக்கேடு.

போன் போட்டதும் வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்தார். அதன்மேல் 'கோரிமேடு அம்மா' என்று எழுதியிருந்தது. என் ஐந்து கட்டங்களும் அதற்குள் பத்திரமாக இருந்தன. அவர் பையில் அதுபோலப் பதினைந்து, இருபது இருந்தன. 'நோட்டரி ஐயா', 'ரெட்டியார்பாளையம் டீச்சர்', 'மரக்கடை'. ஒவ்வொருவருக்கும் ஒரு முகம். அரை மணி நேரத்தில் என் மஞ்சள் திரை வந்துவிட்டது. லேபே அவரைப் பாராட்டியது. நான்தான் சரியாகச் சிரிக்கவில்லை. அண்ணியின் கொல்லைப்புற ஸ்டவ் அப்போது ஏன் ஞாபகம் வந்தது என்று எனக்கு உடனே புரியவில்லை.

அடுத்த வருஷம் புரிந்தது. கடலூரிலும் விழுப்புரத்திலும் இருந்த டாக்டர்கள் ரிசல்ட்டை மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "ஒன்னாம் தேதியிலேர்ந்து எல்லாருக்கும் மெயில் போவணும். ஒன் கம்ப்யூட்டர்ல அதுக்கு வழியே இல்ல. ஒனக்கும் அஞ்சு கட்டத்த வுட்டா ஒண்ணும் தெரியல. டிப்ளமா படிச்ச பொண்ணு ஒண்ணு வந்து வேல கேட்டுட்டுப் போயிருக்கு. நீயே சொல்லு, நான் என்ன பண்றது?" இந்த முறையும் கோபமில்லை. ஒன்றாம் தேதிக்குப் பதினேழு நாள் இருந்தது. பெரியவன் அந்த வருஷம் பத்தாவது.

அவரை வரச் சொன்னேன். வந்தார். ஸ்டூல் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே நோட்டை எடுத்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. பாத்துட்டு, ஆறாவதா ஒரு கட்டம் போட்டுடறேன். 'கடுதாசி அனுப்பு'ன்னு."

நியாயமாக எனக்கு உயிர் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். ஆறாவது இவர் போடுவார். ஏழாவதுக்கு மறுபடி போன் போட வேண்டும். இவருக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு வேலை போய்விடும். மௌசை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியோடு திரும்பினேன்.

"எதப் பாக்கப் போறீங்க? நாலு வருஷத்துக்கு முன்னாடி பாத்தீங்க. பாத்ரூம்ல போயி அழுதுட்டு வந்து உக்காந்தவளப் பாத்தீங்க. அவளுக்கு அஞ்சு கட்டம் போதும். அவ இப்ப இங்க இல்லண்ணா. எனக்கு என்ன வரும், என்ன வராதுன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சிக்கற மாதிரி ஒரு வழியும் இதுல நீங்க வுடல!"

குரல் உயர்ந்துவிட்டது. ரத்தம் கொடுக்கக் கையை நீட்டியிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஸ்டூலில் இருந்தவர் முகம் சுருங்கிப் போயிற்று. நல்லது செய்த மனிதரை இப்படி நாலு பேர் முன்னால் பேசிவிட்டேனே என்று எனக்கு அப்போதே வலித்தது. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நோட்டை மூடிப் பையில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப உங்களுக்கு இன்னாதாம்மா வேணும்?"

அவர் யாரையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னையும் அதுவரை யாரும் கேட்டதில்லை. கட்டிக்கொடுத்தபோது கேட்கவில்லை. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தபோது கேட்கவில்லை.

"எல்லாம் வேணும்ணா" என்றேன்.

"எல்லாம்னா?"

"டாக்டரம்மா ரூம்ல இருக்கற கம்ப்யூட்டர்ல என்னென்ன இருக்கோ, அது அத்தனையும். ஸ்டார்ட் பட்டன், பட்டை, குன்று, வானம். எனக்குத் தேவையில்லாததும் வேணும்."

நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். உள்ளே எங்கோ போய் ஒரே ஒரு வரியை மாற்றினார். அவ்வளவுதான் வேலை. கம்ப்யூட்டர் அணைந்து எரிந்தபோது பச்சைக் குன்று வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அந்தக் கட்டத்துப் படங்கள்லாம் இன்னும் உள்ள கெடக்குது, பிளாப்பியிலயும் இருக்குது. ஓரமா இருக்கட்டுமா? வேணும்னா எப்பனா திரும்ப மாட்டிக்கலாம்."

இருந்தால் இரண்டாம் நாளே அவரைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். "அழிச்சிடுங்கண்ணா" என்றேன்.

மொத்தமாகச் சேர்த்து ஒரே தட்டில் அழித்திருக்கலாம். அவர் ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர், நிச்சயமாக அழிக்கலாமா என்று ஒரு கேள்வி கேட்டது. ஒவ்வொரு முறையும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஐந்து முறை. பையில் இருந்த என் பிளாப்பியையும் அப்படியே துடைத்தார். போகும்போது, "கீழ இருக்கற பட்டை மறுபடி ஓரமாப் போச்சுன்னா புடிச்சி இழுங்கம்மா, வந்துடும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பதினேழு நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். திறந்தது மூடவில்லை, மூடியது எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு ஃபைலை நான்கு இடத்தில் வைத்து நான்கையும் தொலைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் பட்டனுக்குள் இருந்த ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். பாதி எதற்கென்று இன்றும் தெரியாது. ஒன்றாம் தேதி காலை, கடலூர் டாக்டருக்கு ஒரு குழந்தையின் ரிசல்ட்டை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்து அங்கிருந்து நர்ஸ் பேசினாள். "வந்துடுச்சுக்கா." டாக்டரம்மா அந்த டிப்ளமா பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாக மத்தியானம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த லேபில் பதினோரு வருஷம் இருந்தேன்.

அவரைக் கூப்பிட வேண்டிய தேவை குறைந்துபோயிற்று. எப்போதாவது மொபெட்டில் எதிரே வந்தால் தலையை ஆட்டுவார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

அந்த ஒன்றாம் தேதி, வேலை நிலைத்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அழுகை வந்துவிட்டது. என்ன என்று புருஷன் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லத் தெரிகிறது. பெற்றவள், கட்டியவர், வேலை கொடுத்தவர், யாருமே என் கை எங்கே போகிறது, எங்கே போகப் பயப்படுகிறது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒருவர் பார்த்தார். பார்த்து, என் ஒருத்திக்காக மட்டும், என் வாயில் வந்த வார்த்தைகளை வைத்து ஒன்றைச் செய்து கொடுத்தார். அவர் கையாலேயே அதை அழிக்க வைத்தேன். இன்றைக்கு அவர் வந்து மறுபடி கேட்டாலும், அழுதுகொண்டே அழிக்கத்தான் சொல்வேன்.